இரவு 2.40, மூச்சு ஏழு

அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று தம்பி போன் செய்தான். கிடைத்த விமானத்தைப் பிடித்துத் திருச்சி வந்து சேர்ந்தேன். நான் வந்த மறுநாள் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. டாக்டர் நல்லவர், அறை சுத்தம், கேன்டீன் காபிகூடப் பரவாயில்லை. அதைப் பற்றியெல்லாம் எழுத எனக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரம் ஊரில் இருந்ததில் ஒரே ஓர் இரவுதான் மனசில் நிற்கிறது. மெல்பர்ன் திரும்பி ஒரு மாதமாகியும் அது என்னை விடவில்லை.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது இரவு அது. தனியார் மருத்துவமனை, மூன்றாவது மாடி. அந்த மாடியில் மொத்தம் 26 படுக்கை, அத்தனையிலும் ஆள். நைட் டியூட்டி இரவு எட்டு மணிக்குத் தொடங்கிக் காலை எட்டு மணிக்கு முடியும். டியூட்டியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ், அவருக்குத் துணையாகப் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி. வயதைச் சொன்னால் அந்த நர்ஸுக்கு இருபத்தைந்துகூட இருக்காது.

பதினொன்றேகாலுக்கு அப்பாவின் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏற ஆரம்பித்தது. பெல்லை அழுத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வெளியே போய்ப் பார்த்தால் நர்ஸ் ஸ்டேஷனில் ஆளே இல்லை, டேபிள் மேல் திறந்தபடி ஒரு கேஸ் ஷீட், மூடிபோட்ட டிபன் பாக்ஸ். இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். விமானக் களைப்பு, அப்பாவைப் பற்றிய பயம், எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது. கீழே ரிசப்ஷனில் இருந்த நைட் மேனேஜரிடம் போய்ப் புகார் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். மேலே வருவதற்குள் அந்தப் பெண் வந்து குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஸாரிக்கா. கோடி ரூம்ல ஒரு பாட்டி பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. தூக்கிப் படுக்க வச்சுட்டு வர்றதுக்குள்ள நேரமாயிருச்சு."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம் சிஸ்டர். இதுக்கா இவ்வளவு பில் போடுறீங்க? எங்க ஊர்ல பெல் அடிச்சா அடுத்த நிமிஷம் ஆள் நிக்கும்."

பிறந்து வளர்ந்த திருச்சியில் நின்றுகொண்டு மெல்பர்னை "எங்க ஊர்" என்றேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. புது பாட்டிலை மாட்டி, சொட்டு விழும் வேகத்தைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மணிவாக்கில் அப்பா அசந்து தூங்க ஆரம்பித்தார். இரண்டு நாளாக வலியில் முனகிக்கொண்டே இருந்தவர் நல்ல குறட்டை விட்டுத் தூங்கினார். சின்ன வயதில் கூடத்தில் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது கேட்ட அதே குறட்டை. எனக்கு அவ்வளவு நிம்மதி. விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

2.40-க்குக் கதவு திறந்தது. இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டிய பி.பி.யைப் பார்க்க வந்திருந்தார். "இப்பதான் தூங்குறார், எழுப்பாதீங்க" என்று கையைக் காட்டித் தடுத்தேன். அவர் போகவில்லை. வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குறட்டை வந்தது. நின்றது. ரொம்ப நேரம் கழித்து அடுத்தது வந்தது.

"எவ்வளவு நேரமாக்கா இப்படி?"

"ஒரு மணியிலேர்ந்து. நல்ல தூக்கம்."

"இது தூக்கம் இல்லக்கா."

விளக்கைப் போட்டார். பி.பி. மிஷினைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் நெஞ்சுமேல் உள்ளங்கையைப் படுக்க வைத்தார். மற்றக் கையை முகத்துக்கு நேரே உயர்த்தி வாட்சைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு முழு நிமிடம் எண்ணினார். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு வர வேண்டும். அப்பாவுக்கு ஏழு.

அதற்கப்புறம் எல்லாமே வேகம். "அப்பா, அப்பா, கண்ணத் தொறங்க" என்று தோளைத் தட்டினார். விரல் முட்டியால் நெஞ்செலும்பை அழுத்தித் தேய்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண் பாப்பா கடுகளவு சுருங்கியிருந்தது. சட்டையை விலக்கி, தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த வலி மருந்துப் பட்டையை ஒரே இழுப்பில் பிய்த்தார். தாடையை மேலே தூக்கிப் பிடித்தார், குறட்டை நின்று மூச்சு சீராக உள்ளே போனது. "இப்படியே பிடிச்சிரு, கையை எடுத்துராத" என்று மாணவியிடம் விட்டுவிட்டு ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார். விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 என்று காட்டியது.

போனில் டியூட்டி டாக்டரிடம் பேசியதை அப்படியே சொல்கிறேன். "சார், மூச்சு ஏழுதான் சார் வருது. இல்ல சார், தூங்கல. காலைல வரைக்கும்லாம் தாங்காது சார். நீங்க வந்தே ஆகணும்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் லேசாக நடுங்கியது. இப்படிப் பேசினால் நாளைக்குத் திட்டு விழும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் சொன்னார்.

டாக்டர் வந்தார். அந்த வலி மருந்தை முறிக்கும் நலாக்சோன் என்ற ஊசி போட்டார்கள். இரண்டு நிமிடத்தில் அப்பா கண்ணைத் திறந்து, "என்னடி இத்தனை பேர் நிக்குறீங்க?" என்றார். வலி மருந்தில் ஒரு வகை, மூளையில் மூச்சை ஓட்டும் இடத்தையே மந்தமாக்கிவிடுமாம். அப்பாவுக்கு 79 வயது, சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். பட்டையிலிருந்து ஏறிய மருந்து உடம்பைவிட்டு வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்த குறட்டை, நாக்கு பின்னால் சரிந்து காற்றை அடைத்த சத்தம்.

"நல்ல நேரத்துல பார்த்துட்டோம்" என்றார் டாக்டர், அப்பாவை ஐ.சி.யு.வுக்கு மாற்றும்போது. பார்த்தது யார்? இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. 26 பேரைப் பார்த்துவிட்டு நாற்பது நிமிடம் தாமதமாக ஓடி வந்த ஒருத்தர், அறை வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். நர்ஸ் வேலை என்றால் ஊசி போடுவது, டிரிப்ஸ் மாற்றுவது, பெட்பேன் வைப்பது என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அந்த வேலை ஒவ்வொன்றையும் செய்யும் சாக்கில் அவர்கள் ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பார்வைக்குக் கேஸ் ஷீட்டில் கட்டம் கிடையாது.

நாலரை மணிக்குச் சாமான்களை எடுக்க மூன்றாவது மாடிக்கு வந்தேன். அவர் ஸ்டேஷனில் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் அப்போதுதான் திறந்திருந்தது. எட்டு மணிக்குச் சாப்பிட வைத்த இட்லி. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, எல்லாருமே திட்டுவாங்க" என்றார். இந்தப் பதில் திட்டை வாங்குவதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் பேசினோம். பி.எஸ்சி. நர்சிங், நாலு வருஷப் படிப்பு, கல்விக் கடன். சம்பளம் 16,000. சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், இரண்டு வருஷம் கழித்துத்தான் தருவார்கள். அவருடைய அக்காவும் நர்ஸ், அரசாங்கத்தில் ஒப்பந்தம். 2015-ல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கை நம்பி. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தார்களே, அதில் அவரும் இருந்தாராம். அந்தச் செய்தியை அன்றைக்கு நான் மெல்பர்னில் போனில் பார்த்துத் தள்ளிவிட்டிருப்பேன். 2020 மார்ச் 22 சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்டர், நர்ஸுகளுக்காக ஊரே வாசலில் நின்று கைதட்டிய வீடியோவை மட்டும் எல்லோருக்கும் அனுப்பினேன். கொரோனாவுக்காக எடுத்த ஒப்பந்த நர்ஸுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது என்று ஊரில் யாரும் எனக்கு வீடியோ அனுப்பவில்லை.

"மெல்பர்ன்ல நைட்ல எத்தனை பேருக்கு ஒரு ஸ்டாஃப்க்கா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும், என் பக்கத்து வீட்டுத் தோழி அங்கே நர்ஸ். மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் நர்ஸுகள் பல வருஷம் போராடி வாங்கிய கணக்கு அது, 2015-ல் சட்டமாகவே ஆகிவிட்டது. பெரிய அரசு மருத்துவமனைகளில் சாதாரண வார்டு என்றால் பகலில் நாலு பேருக்கு ஒருவர், இரவில் எட்டுப் பேருக்கு ஒருவர். "எட்டு" என்றேன்.

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எட்டுப் பேருன்னா ஒவ்வொருத்தங்க பேரும் ஞாபகம் இருக்கும்லக்கா."

நம் ஊரில் கணக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் எழுதித்தான் வைத்திருக்கிறது. சம்பளத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000-க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிறைவேற்றுவது மாநிலங்களின் பொறுப்பு. இத்தனை வருஷம் கழித்து, அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய கட்டடத்தில் நின்றுகொண்டு அந்தப் பெண் 16,000 என்கிறார்.

சின்ன வயதில், திருச்சிப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு ஒரு நர்ஸம்மா வருவார். வெள்ளைப் புடவை, சைக்கிள், தோளில் பை. எந்த வீட்டில் எத்தனை மாதப் பிள்ளை, யாருக்கு எப்போது தடுப்பூசி என்று மனப்பாடமாக வைத்திருப்பார். அவர் திண்ணையில் உட்கார்ந்தால் பாட்டியே எழுந்து போய் மோர் கொண்டுவருவார். அவருக்கு என்ன சம்பளம் வந்ததோ, மரியாதை இருந்தது. எனக்கு அம்மை போட்டபோது அவர் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்படி ஓர் ஆளைத்தான் நான் பதினொன்றரை மணிக்கு நிற்க வைத்துக் கத்தியிருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பில்லைப் பார்த்தேன். அதில் ஒரு வரி: நர்சிங் சார்ஜ், நாளொன்றுக்கு 800 ரூபாய். 26 படுக்கைக்கு ஒரு நாளில் 20,800. அவர் பேரைச் சொல்லி அந்த மாடியில் ஒரே நாளில் வாங்குகிற பணம் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். கவுன்டரில் இருந்தவரிடம் இதைக் கேட்டேன். "அது பேக்கேஜ் மேடம்" என்றார். என்ன பேக்கேஜ்?

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான். அந்த நர்ஸைப் பாராட்டி எழுத வேண்டும் என்றேன். ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள், "செவிலியர் சேவை: நன்று, சுமார், மோசம்" என்று மூன்று கட்டம். பின்பக்கம் முழுக்க நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் என் பேரைப் பார்த்துவிட்டு, "நீங்க குடுத்த கம்ப்ளைன்ட்டுக்கு நடவடிக்கை எடுத்தாச்சு மேடம், அந்த ஸ்டாஃபுக்கு மெமோ குடுத்துட்டோம்" என்றார் பெருமையாக. நான் பதினொன்றரைக்கு எழுதிய நாலு வரி, விடிவதற்குள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. 2.40-ஐப் பற்றிய பேப்பர் கவுன்டருக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டிக்குள் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாவும் நர்ஸாக இருந்து மேலே வந்தவர்தான். படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா வேலை பார்ப்பா. நானும் அந்த மாடிக்கு இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். மெமோ கிழிக்கப்பட்டதா என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. டியூட்டி மாற்றிவிட்டார்கள்.

கேஸ் ஷீட் நகலையும் கேட்டேன், இங்கே மெல்பர்னில் டாக்டரிடம் காட்ட. "அதெல்லாம் தர மாட்டோம்" என்று ஆரம்பித்தார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-லிருந்தே விதி இருக்கிறது என்று சொல்லி, மூன்று மேசை மாறி, நாலாவது நாள் தம்பி போய் வாங்கி வந்தான்.

அந்த நகல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நர்ஸ் குறிப்புப் பக்கத்தில் குண்டு குண்டாக, அவசரத்திலும் வரி கோணாத கையெழுத்து. 2.40: மூச்சு 7, ஆக்சிஜன் 84, கூப்பிட்டால் பதில் இல்லை, பட்டை அகற்றப்பட்டது, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. 2.58: மூச்சு 14, நோயாளி பேசுகிறார். அதற்கு மேலே 11.45-க்கு நேராக, டிரிப்ஸ் மாற்றப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. நான் கத்தியதை அவர் எழுதவில்லை.