பட்டுக்கடையா, லக்சுரி ஷோரூமா: எங்கே வேலைக்குச் சேரலாம்?

துணிக்கடை வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இப்போது இரண்டு பக்கமும் விசாரிக்கிறார்கள். ஒரு பக்கம் தி.நகரின் பெரிய பட்டுக்கடைகள். இன்னொரு பக்கம் பெங்களூர் யூபி சிட்டி, டெல்லி டிஎல்எஃப் எம்போரியோ போன்ற ஆடம்பர மால்களில் உள்ள வெளிநாட்டு பிராண்டுகள். இரண்டிலும் லட்ச ரூபாய்ச் சரக்கு கைமாறுகிறது. ஆனால் வேலை ஒன்றல்ல. இரண்டிலும் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

தொழில் கற்றுக்கொள்ளவா? சந்தேகமே இல்லாமல் பட்டுக்கடை. கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்காரும். பெண்ணுக்கு ஒரு நிறம் பிடிக்கும், அத்தைக்கு வேறு நிறம், பணம் கொடுப்பவர் ஓரமாக போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் சொன்னால் பில் விழும் என்பதை முதல் சில புடவைகளுக்குள் பிடித்துவிட வேண்டும். முந்தியைப் பிரித்து நம் தோளிலேயே போட்டுக் காட்ட வேண்டும். கோர்வைப் புடவை என்றால் உள்பக்கத்தைத் திருப்பி, உடலும் பார்டரும் கோத்துக்கொள்ளும் இடத்தை அவர்கள் விரலாலேயே தடவிப் பார்க்கச் செய்வோம். அந்த ஒரு தடவலில் விலை பற்றிய பேச்சு பாதி அடங்கிவிடும். ஜரிகை அசல்தானா என்று கேட்டால், உள்ளே ஓடும் சிவப்புப் பட்டு நூலைப் பற்றிச் சொல்லத் தெரிய வேண்டும். அப்புறம், பிரித்ததையெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தவர்களை எந்தக் கடையும் கைவினைஞராக மதிப்பதில்லை. 'சேல்ஸ் கேர்ள்' என்பதோடு சரி.

லக்சுரி ஷோரூமில் சரக்கைப் பற்றி பிராண்டே பயிற்சி கொடுத்துவிடும். அங்கே நிஜமான வேலை ஆளைத் தெரிந்து வைத்திருப்பது. யாருக்கு எப்போது கல்யாண நாள், போன தடவை எந்தப் பை வாங்கினார், மனைவியின் செருப்பு அளவு என்ன என்று எல்லாம் குறித்து வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிப்போம். நம் பெயரைக் கேட்டுத் தேடி வருவார்கள், அந்த மரியாதை உண்மையிலேயே நன்றாக இருக்கும். சங்கடங்களும் உண்டு. 2025 ஏப்ரல் 22 முதல் பத்து லட்சத்துக்கு மேல் போகும் கைப்பை, வாட்ச், ஷூவுக்கு 1 சதவீத வரியைக் கடையே வசூலிக்க வேண்டும். முகம் கோணாமல் அதை விளக்குவது நம் பொறுப்பு. மாத டார்கெட் தலைக்கு மேல் தொங்கும். எட்டாமல் போனால் இன்சென்டிவ் இல்லை.

நிற்பது இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் நான் பார்த்த ஷோரூமில் ஷிஃப்ட் நேரத்துக்கு முடிந்தது, பிரேக் எழுதி வைத்தபடி கிடைத்தது. பட்டுக்கடையில் தீபாவளி சீசன் என்றால் காலையிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். கோழிக்கோட்டில் கடைப் பெண்களைத் திரட்டிய விஜி போன்றவர்கள் போராடியதால் கேரளாவில் 2018-ல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். நான் இருந்த கடையில் ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தங்க இடமும் சாப்பாடும் தரும் பட்டுக்கடைகள் உண்டு. வெளியூரிலிருந்து கையில் காசில்லாமல் வரும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம். ஷோரூமில் வாடகை நம் பாடு, ஆங்கிலமும் கொஞ்சம் ஹிந்தியும் வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் பட்டுக்கடையில் இரண்டு தீபாவளி பாருங்கள். மாலையில் ஆங்கிலம் பேசிப் பழகுங்கள். பிறகு ஷோரூமுக்குப் போங்கள். துணியைத் தொட்டுச் சொல்லத் தெரிந்தவரை அங்கே நேர்காணலிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். எங்கே சேர்ந்தாலும் மூன்று கேள்வியை முன்பே கேளுங்கள்: உட்கார விடுவார்களா, இன்சென்டிவ் கணக்கை எழுத்தில் தருவார்களா, கணக்கில் சரக்கு குறைந்தால் அதை நம் சம்பளத்தில் பிடிப்பார்களா. மூன்றாவதுக்கு மழுப்பினால் சேராதீர்கள்.