கொலாஜன் ஃபேஷியல் பேக்கேஜுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா?

எனக்கு 53 வயது. மகள் நிச்சயதார்த்த ஆல்பத்தைப் புரட்டும்போதுதான் தாடையோரம் சதை இறங்கியிருப்பது கண்ணை உறுத்தியது. அந்த வாரமே ஒரு அழகு கிளினிக்குக்குப் போனேன். கன்சல்டேஷன் இலவசம் என்று போட்டிருந்தார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளைக் கோட் போட்ட பெண் (டாக்டர் இல்லை, பிறகுதான் தெரிந்தது) கன்னத்தில் ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஸ்கின்னுக்கு 64 வயசு ஆகுது மேடம்" என்றாள். ஆடிப்போய்விட்டேன். தோலைத் தளராமல் பிடித்து வைக்கும் புரதமான கொலாஜனை முகத்தில் தடவும் ஃபேஷியல், பத்து சிட்டிங், 48,000 ரூபாய், இ.எம்.ஐ.யில் கையெழுத்து.

ஒவ்வொரு முறையும் முகம் இரண்டு நாள் பளபளக்கும். மூன்றாம் நாள் பழைய முகம். நாலாவது சிட்டிங்கில் கேட்டபோது முன், பின் என்று இரண்டு படம் காட்டினார்கள். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தேன். முதல் படம் டியூப்லைட்டுக்கு நேர் கீழே, "லேசா குனிங்க மேடம்" என்று சொல்லி எடுத்தது. இரண்டாவதில் எதிரே ரிங் லைட், மோவாயைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடி முன்னால் நீங்களே செய்து பாருங்கள், பத்து வயது குறையும்.

அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன். ஃபீஸ் 500 ரூபாய். தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டுமாம். கொலாஜன் மூன்று லட்சம் டால்டன். தடவினால் மேலேயே நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கும், அந்த இரண்டு நாள் பளபளப்பு அதுதான். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது. போதாததற்குக் கன்னத்துக் கொழுப்பு கீழே சரிகிறது, தாடை எலும்பும் தேய்கிறது. என் வலது கன்னம் கூடுதலாகத் தளர்ந்திருப்பதற்கு இருபது வருஷ ஆபீஸ் ஜன்னல் சீட்டும் காரணமாக இருக்கலாம் என்றார். வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து தோலைத் தளர்த்தும். தினமும் சன்ஸ்க்ரீன், இரவில் கொஞ்சம் ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து க்ரீம்) எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் ஆகும், அதுவும் ஓரளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கிளினிக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில்லைத் திருப்பிக் காட்டினார்கள்: பொடி எழுத்தில், கட்டிய பணம் திரும்பாது. மீதி ஆறு சிட்டிங்கை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறார்களாம். "உங்க பொண்ணுக்குக் குடுங்க மேடம், இப்பவே ஆரம்பிச்சா நல்லது" என்றாள் அதே வெள்ளைக் கோட்.

மகளுக்கு வயது 25.