கிடங்கு வாசலுக்கு ஷட்டரா, செக்‌ஷனல் கதவா?

தூத்துக்குடியில் எங்கள் கிடங்கின் லாரி வாசல் 4 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் உயரமும் கொண்டது. சுருண்டு மேலேறும் ரோலிங் ஷட்டர், பலகை பலகையாக ஏறிக் கூரையடியில் படுத்துக்கொள்ளும் செக்‌ஷனல் கதவு ஆகிய இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்கி, இறுதியில் மோட்டார் வைத்த ஷட்டரையே போட்டோம். ஆகவே இந்த அலசல் ஷட்டர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தோற்றத்திலும் வெப்பத் தடுப்பிலும் செக்‌ஷனல் கதவே மேல். இரு தகடுகளுக்கு நடுவே பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் நிரப்பிய 40 மி.மீ. பலகையும் ஓரங்களில் ரப்பர் சீலும் இருப்பதால், குளிரூட்டிய அறைக்கு அதைத்தான் போட வேண்டும். பகல் முழுதும் திறந்தே கிடக்கும் எங்களைப் போன்ற கிடங்குக்கு அந்த ஃபோம் வீண் செலவு. விலையில் ஷட்டர் மலிவு என்பது எல்லோரும் அறிந்ததே.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. செக்‌ஷனல் கதவின் பாரத்தைத் தாங்குவது மேலே தண்டில் கோத்த டார்ஷன் ஸ்பிரிங், அதாவது முறுக்கேற்றி வைத்த சுருள்வில். வழக்கமான ஸ்பிரிங்குக்குச் சொல்லப்படும் ஆயுள் சுமார் 10,000 முறை. ஒரு தடவை திறந்து மூடினால் அது ஒரு முறை. நாளுக்கு 20 தடவை, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் 6,000 ஆகிறது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கும். கூடுதல் ஆயுள் கொண்ட ஸ்பிரிங்கும் கிடைக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். முறுக்கேற்றிய ஸ்பிரிங்கைக் கழற்றுவது ஆபத்தான வேலை என்பதால் பயிற்சி பெற்ற ஆளுக்காகக் காத்திருக்கவும் நேரும். பக்க மோட்டார் வைத்த பெரிய ஷட்டரில் பெரும்பாலும் கியரே பாரத்தைப் பிடித்துக்கொள்கிறது; அதற்கு ஈடாக, மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் செயின் அறுந்தால் ஷட்டர் விழாமல் நிறுத்தும் சேஃப்டி பிரேக் கட்டாயம் வேண்டும். அதை விலையைக் குறைப்பதற்காக விட்டுவிடும் கடைகளும் உண்டு.

ஃபோர்க்லிஃப்ட் இடித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஷட்டரில் ஒன்றோடொன்று கோத்த தகட்டுப் பட்டிகளில் நசுங்கியவற்றைப் பக்கவாட்டில் உருவிவிட்டு, உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே அதே அளவில் வேறு பட்டி செருகிவிடலாம். செக்‌ஷனலில் முழுப் பலகையையும் செய்த நிறுவனத்திடமிருந்தே வரவழைக்க வேண்டும்; இடையில் அந்த வடிவத்தை அவர்கள் நிறுத்தியிருந்தால் சிக்கல்தான். செக்‌ஷனல் கதவைப் பக்கத்துக் கிடங்கில் வெளியிலிருந்து பார்த்த அனுபவமே எனக்குண்டு; நல்ல சர்வீஸ் ஒப்பந்தம் உள்ளவர்கள் இதை மறுக்கலாம்.

துரு இரண்டையும் விடாது. உப்பளக் காற்றில் முதலில் அரிப்பது அடித்தட்டும் கதவு ஏறி இறங்கும் பக்கத் தடமான கைடு சேனலின் கீழ் முனையும்தான். சேனலில் கிரீஸ் பூசும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அதில் மணலும் உப்புத் தூசியும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் பட்டி ஓரத்தின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்துவிடுகின்றன. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுச் சிலிக்கான் ஸ்பிரே அடிப்பதே போதும்.

ஷட்டர் வாங்குவோர் தகட்டின் கேஜை (கனத்தை) மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது. துத்தநாகப் பூச்சு இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்க வேண்டும். வெறுமனே ‘ஜிஐ’ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று எழுதினால் 120 கிராம் தகடும் அதற்குள் அடங்கிவிடும்.