காந்தம் ஒட்டாத மடக்குக் கத்தி: பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கத்தி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் 649 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி விற்கிறார்கள். கறுப்புக் கைப்பிடி, அலகு முழுக்க அலையலையாகக் கோடு, அடியில் ‘440சி’ என்று ஒரு கத்தி ஸ்டீல் வகையின் பெயர் பொறிப்பு. 2,499 ரூபாய் என்று போட்டு, அதை அடித்துவிட்டு 649 என்று காட்டுவார்கள். நண்டு வலைக்குப் போகிற பையன்கள் பல பேர் இடுப்பில் இதைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் படகில் எடுத்துப் போகாதீர்கள். என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஆள்காட்டி விரலில் நரம்பு வரைக்கும் அறுத்துவிட்டது இந்தக் கத்தி. தையல் பிரித்தும் விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

மாப்பிள்ளை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில்தான் கிடக்கும். அந்த நாட்களில் சொந்தக்காரர் நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போவார். வருமானம் பாதியாகிற காலம் அது. அப்போதுதான் பழைய கத்தி கடலில் விழுந்துவிட்டது. கையில் இருந்ததே எழுநூறு ரூபாய் சொச்சம். “ஜெர்மன் ஸ்டீல், துருப்பிடிக்காது, பத்து வருடம் உழைக்கும்” என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினார். படமும் பேச்சும் அப்படி. யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

கடலுக்குப் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கத்தி என்பது மாம்பழம் நறுக்குகிற சாமான் இல்லை. வலையில் சிக்குண்ட நண்டை எடுக்கத் தங்கூசியை, அதாவது வலையின் நைலான் இழையை, அறுக்க வேண்டும். எஞ்சின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டால் தலைகீழாகத் தொங்கியபடி அறுக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எஞ்சின் நின்ற படகு காற்றுப் போகிற பக்கமெல்லாம் போகும், அந்த நேரத்தில் கத்தி மழுங்கி இருந்தால் உயிருக்கே ஆபத்து. வலையில் ஆமை மாட்டினாலும் ஆவுளியா என்கிற கடற்பசு மாட்டினாலும் உடனே வலையை அறுத்து விட்டாக வேண்டும். ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடுகிற பிராணி, வலைக்குள் அதிக நேரம் தாங்காது. இத்தனைக்கும் ஒரே ஒரு கத்திதான் இருக்கும். அதைப் போலியாகச் செய்து விற்பவன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியுமா என்பது எனக்குப் புரியவில்லை.

கத்தி வந்த அன்று நன்றாகத்தான் வெட்டியது. எந்தத் தகட்டையும் கல்லில் தீட்டினால் முதல் தடவை வெட்டும். மூன்று நான்கு கயிறு அறுத்ததும் வழுக்க ஆரம்பித்தது. தீட்டினால் மறுபடி கொஞ்ச நேரம் வெட்டும், உடனே மழுங்கும். வெட்டுவாயைப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரம் மடிந்து கிடக்கிறது. அலையலையான கோடும் தீட்டிய இடத்தில் எல்லாம் காணாமல் போய்விட்டது. ஆனால் அலகில் துரு மட்டும் இல்லை. அதனால் “ஸ்டீல் நல்ல ஸ்டீல்தான், தீட்டத் தெரியவில்லை” என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். துருப்பிடித்தது கைப்பிடியில் இருந்த திருகாணிகள். உப்புத் தண்ணீர் பட்டு அவை செம்பழுப்பாகி, அலகு லேசாக ஆடத் தொடங்கியது.

இந்த மாதிரிக் கத்தியில் அலகைத் திறந்தால் கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து, அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். அதுதான் பூட்டு. இதில் அந்தத் தகடு சோடா பாட்டில் மூடி அளவுக்கு மெல்லிசு. மாப்பிள்ளை ஒரு முடிச்சுக்குள் முனையைச் செருகி நெம்பியபோது தகடு வழுக்கி, அலகு படக்கென்று விரல் மேல் மடங்கியது. கயிற்றை அறுக்காத கத்தி அழுத்தத்தில் விரலை அறுத்துவிட்டது. கரைக்கு வந்து, ராமநாதபுரம் கொண்டுபோய்த் தையல் போட்டு, தடுப்பூசி போட்டு… அந்த அலைச்சலை எழுதப் போவதில்லை.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். வந்த பதில்: “பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை. எங்கள் கத்தி அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சந்தேகம் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது.” அவர்கள் விளம்பர வீடியோவிலும் இதுதான் முக்கியக் காட்சி. காந்தத்தை வைப்பார்கள், அது வழுக்கிக் கீழே விழும், “பாருங்கள், அசல்” என்பார்கள். நாங்களும் வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன்.

பதில் எனக்குக் கிடைத்தது ஒரு கொல்லுப்பட்டறையில். அரிவாளுக்குப் பிடி போடப் போனபோது கத்தியைக் காட்டினேன். பெரியவர் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஓர் அரத்தை எடுத்து வெட்டுவாயில் ஒரு இழு இழுத்தார். அரம் வெண்ணெய்யில் போவது போலக் கடித்துக்கொண்டு போனது.

“தம்பி, இது பாத்திரம் செய்யிற எவர்சில்வர். இதை எவ்வளவு காய்ச்சித் தோய்ச்சாலும் கெட்டிப்படாது. கத்திக்கு ஆகாது.”

“காந்தம் ஒட்டலையே அண்ணே, அதனால அசல்னு சொல்றாங்களே?”

“ஒட்டாததுனாலதான் ஆகாதுங்கறேன்.”

வீட்டுக்கு வந்து இரும்பு பற்றி ஐ.டி.ஐ.யில் பாடம் எடுக்கிற உறவினரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது ஒரே பொருள் இல்லை. பாத்திரத்துக்குப் போகிற 304 வகையில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் வாக்கில் இருக்கும், கரி (கார்பன்) 0.08 சதவீதத்தைத் தாண்டாது. துருவுக்கு நன்றாகத் தாங்கும், காந்தம் ஒட்டாது, ஆனால் சூடாக்கிக் குளிர வைத்துக் கெட்டிப்படுத்த முடியாது. கத்திக்கான ஸ்டெயின்லெஸ் வேறு. உண்மையான 440சி-யில் கரி ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கும், குரோமியம் 16 முதல் 18 வரை. அந்தக் கரிதான் காய்ச்சித் தோய்க்கும்போது கூர் நிற்கிற கெட்டித்தன்மையைத் தருகிறது. இப்படிக் கெட்டிப்பட்ட கத்தி ஸ்டீல் எதுவானாலும் காந்தம் நன்றாக ஒட்டும். ஆகவே அலகில் 440சி என்று எழுதியிருந்து காந்தம் ஒட்டவில்லை என்றால் அந்த எழுத்து பொய், வேறு பேச்சே இல்லை. தங்கள் பொய்யை அவர்களே வீடியோவில் நிரூபித்துக் காட்டுகிறார்கள். எங்கள் வீடுகளில் எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த வித்தையைக் காட்டுகிறார்கள். பாத்திரத்துக்குச் சரியான சோதனை கத்திக்குத் தலைகீழ்.

ஒட்டிவிட்டால் நல்ல கத்தி என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண இரும்புத் தகட்டிலும் காந்தம் ஒட்டும். காந்தம் ஒரு வகைப் பொய்யைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். மிச்சத்துக்கு அரம் வேண்டும். பிடிக்குப் பக்கத்தில், வெட்டுவாயின் அடியில், சின்ன அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். பதமான அலகில் அரம் கண்ணாடியில் போகிற சத்தத்தோடு வழுக்கும். பிடித்துக் கடித்தால் அலகு மெது.

அந்த அலைக்கோடு சமாச்சாரம் டமாஸ்கஸ் என்று விற்கப்படுகிறது. தென்னாட்டில் மூசை என்கிற மண் குடுவையில் உருக்கிய எஃகு மேற்கே போய் டமாஸ்கஸ் வாள் என்று பேர் வாங்கியது. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் அந்தக் காலத்து உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒரு தகட்டில் அச்சடித்து நமக்கே விற்பது மனசைக் குத்துகிறது. இப்போது செய்கிற நல்ல டமாஸ்கஸ் கத்தியில் இரண்டு வகை ஸ்டீலைச் சேர்த்து அடித்திருப்பார்கள், கோடு உள்ளே வரைக்கும் போகும். உப்புத்தாளால் தேய்த்து அழித்தாலும் அமிலத்தில் நனைத்தால் திரும்ப வரும். அச்சடித்தது தேய்த்தால் போனது போனதுதான். அறுநூறு ரூபாய்க்கு நிஜ டமாஸ்கஸ் யாராலும் கொடுக்க முடியாது.

பணத்துக்கு என்ன செய்தேன் என்று பலர் கேட்டார்கள். கத்தி வந்த அட்டைப்பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்பதும் இல்லை. பொட்டலத்தில் இவை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இதைப் படம் எடுத்து, விளம்பரப் பக்கத்தையும் ‘440சி’ என்ற பொறிப்பையும் காந்தம் ஒட்டாததையும் படமெடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். கூடவே விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதினேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த விதியைக் கடிதத்தில் குறிப்பிட்ட பிறகுதான் அசைந்தார்கள். 649 ரூபாய் திரும்ப வந்தது. மருத்துவச் செலவுக்கும் போன கூலிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கையில் பணம் குறைவாக இருக்கிறவர்கள் என்ன வாங்குவது? என் அபிப்பிராயம், கடல் வேலைக்கு மடக்குக் கத்தியே வேண்டாம். கீலுக்குள் மணலும் உப்பும் சேரும், கழற்றிக் கழுவ நேரம் இருக்காது. மடங்காத சின்னக் கத்தி போதும். பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டாவில் அடித்துத் தரச் சொல்லுங்கள், கட்டடக் கம்பியில் அடித்ததை வாங்காதீர்கள், அரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஸ்பிரிங் பட்டா துருப்பிடிக்கும், அது உண்மை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் வருடக்கணக்கில் வரும். துருவுக்குப் பயந்தால், பெயர் தெரிந்த கம்பெனியின் சின்னக் காய்கறிக் கத்தியைப் பாத்திரக்கடையில் வாங்குங்கள், பல் வைத்த வாய் கிடைத்தால் கயிறு அறுக்க இன்னும் நல்லது. உறைக்கு ஒரு பிவிசி பைப் துண்டைச் சூடுகாட்டி நசுக்கினால் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு இப்போது பட்டறைக் கத்திதான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆன்லைன் கத்தி விலையில் பாதிகூட ஆகவில்லை.

மடக்கியே ஆக வேண்டும், சட்டைப்பையில் வைக்க வேண்டும் என்கிறவர்கள் பணம் சேர்த்து நல்லதாக ஒன்று வாங்குங்கள். பிரான்சில் 1890 முதல் செய்கிற ஒப்பினெல் கத்தியில் ஒரு வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், மெல்லிய தகட்டை நம்ப வேண்டியதில்லை. அதிலும் போலி உண்டு, நம்பகமான கடையில் வாங்குங்கள். எதுவானாலும் கடையிலேயே திறந்து, விரல்களை அலகு மடங்குகிற வழியில் வைக்காமல், முதுகுப் பக்கத்தை மர மேசையில் நாலு தட்டுத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிசாக வாங்கவும் வேண்டாம். வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதச் சட்டத்தில் வரும்.

நான் புகார் கொடுத்த பிறகு அந்த விளம்பரம் நீக்கப்பட்டது. போன வாரம் வேறு கடைப் பெயரில், பச்சைக் கைப்பிடியோடு, 599 ரூபாய்க்கு வந்திருக்கிறது. படங்கள் அதே படங்கள், காந்தம் வழுக்கி விழுகிற வீடியோவும் அதே வீடியோ. யாராவது ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே 1915-க்குப் பேசுங்கள். பயன்படுத்தாமல் இருந்தால் அவர்களால் ‘பயன்படுத்திய பொருள்’ என்று சொல்ல முடியாது.