ஆம்பிளிஃபயர்: ஓடவிடலாமா, அணைத்துவிடலாமா?

பாட்டின் ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிஃபயரை, கேட்காதபோதும் எப்போதும் ஓடவிடுபவர்கள், அடிக்கடி போட்டு அணைப்பதுதான் கெடுதல் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் குபீரென்று பாய்கிறது. சூடேறி நிலைபெறவும் சற்று நேரம் பிடிக்கிறது. ஆனாலும் நான் அணைப்பவர்கள் பக்கம்தான். பழைய ஆம்பிளிஃபயர் ஒன்றைத் திறந்தபோது, வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கை ஒட்டி நின்ற கெபாசிட்டர்கள் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகங்கள்) மட்டும் தலை உப்பியிருந்தன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த எலக்ட்ரோலைட்டிக் வகைக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ஆம்பிளிஃபயருக்குக் கேட்கவே வேண்டாம். வால்வின் ஆயுளையே எரியும் மணிநேரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஆளில்லாத அறையில் அதை எரியவிட எனக்கு மனம் வருவதில்லை. கிளாஸ் ஏ என்ற சுற்று வகையோ பாட்டு இல்லாதபோதும் மின்சாரத்தை விழுங்கி வெப்பமாக்கும். மின்சாரத்தை வீணாக்காத கிளாஸ் டி வகை என்றால் ஸ்டாண்ட்பையில் (முழுதும் அணையாத காத்திருப்பு நிலையில்) விட்டுவிடலாம், செலவு சொற்பம். இடி மின்னல் நேரத்தில் மட்டும், எந்த வகையானாலும், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.