தொலை சர்வர்களைக் கவனிக்கும் மேசைக்கு எது: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

சர்வரில் லினக்ஸ் ஓடினால் மேசையிலும் லினக்ஸ்தான் வேண்டும் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொல்லிவிடலாம். இன்று அப்படிச் சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டியிருக்கிறது. தொலை சர்வருக்குள் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் நுழைந்து கட்டளையிடும் முறைக்கு எஸ்எஸ்எச் என்று பெயர். அதன் பரவலான நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து விண்டோஸுடனேயே சேர்ந்து வருகிறது. மேக்கில் அது நெடுங்காலமாக இருக்கிறது. லினக்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றிலும் டெர்மினலைத் திறந்து ஒரே கட்டளையைத் தட்டினால் சர்வர் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும். ஆகவே எதிலிருந்து இணைய முடியும் என்பது இப்போது கேள்வியே இல்லை. சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழைய உதவும் கோப்பு) எங்கே இருக்கிறது, நகலெடுத்து ஒட்டும்போது என்ன நடக்கிறது, அனுப்பிய கோப்பு உருமாறாமல் போய்ச் சேர்கிறதா, அலுவலக விபிஎன் ஒத்துழைக்கிறதா என்பனதான் நாள் முழுக்க நம்மைச் சோதிக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்றால் லினக்ஸ் வெளியீடுகளான டெபியனின் நிலைப் பதிப்பையோ உபுண்டுவின் நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பையோ மேசையில் வையுங்கள். பாதிக்கு மேல் விண்டோஸ் சர்வர் என்றால் விண்டோஸ் 11 போதும். கூடவே விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கட்டும். மேக் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு வேலைக்காக மட்டும் அதை வாங்குவது வீண்செலவு.

விண்டோஸிலிருந்து தொடங்குவோம், பலருடைய மேசையிலும் இருப்பது அதுதான் என்பதால். எஸ்எஸ்எச் நெறிமுறையை 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யலோனன் உருவாக்கினார். பிறகு நெடுங்காலம் விண்டோஸ்காரர்களுக்கு எஸ்எஸ்எச் என்றால் புட்டிதான். சைமன் டாதம் 1999-இல் வெளியிட்ட அந்தச் சிறிய நிரலை நிறுவாமலேயே ஓட்டலாம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனவர்கள் ஏராளம். இன்றும் அது நல்ல நிரல்தான். ஆனால் சாவியைத் தனக்கென ஒரு வடிவத்தில் வைத்துக்கொள்கிறது. இணைப்பு விவரங்களை விண்டோஸின் அமைப்புகள் சேரும் ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது. இயந்திரம் மாறும்போது இந்த இரண்டையும் பிடுங்கி நடுவது பெரிய தொல்லை.

2024 ஏப்ரலில் வெளியான ஒரு செய்தி புட்டி பயனர்கள் பலரை எட்டவே இல்லை. 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் பி-521 எனும் ஒரு வகை ஈசிடிஎஸ்ஏ சாவியைப் பயன்படுத்தியிருந்தால், அந்தச் சாவி உள்நுழையும்போது இடும் மின்கையொப்பங்களில் சுமார் 60 கிடைத்த ஒருவர் தனிச்சாவியையே கணக்கிட்டு எடுத்துவிட முடியும் என்று தெரியவந்தது. 0.81 பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் பழைய சாவி கெட்டது கெட்டதுதான். அதை எல்லாச் சர்வர்களிலிருந்தும் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. புட்டியின் நிரலைத் தம்முள் வைத்திருந்த கோப்பு அனுப்பும் செயலிகளான ஃபைல்ஸில்லாவும் வின்எஸ்சிபியும் இதில் சேர்ந்தே மாட்டின. பென்டிரைவில் பழைய புட்டி வைத்திருப்பவர்கள் இன்றே பதிப்பு எண்ணைப் பார்ப்பது நல்லது.

புட்டியை விட்டுவிட்டு விண்டோஸின் சொந்த எஸ்எஸ்எச்சுக்கு வந்தாலும் சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது. ஒரே கணினியில் எத்தனை எஸ்எஸ்எச் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விண்டோஸுடன் வந்தது ஒன்று. நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) கருவியை நிறுவும்போது கூடவே வந்தது இன்னொன்று. டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருப்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஒரே கோப்புறையில் சாவியைத் தேடும்; ஆனால் ஒன்றின் சாவிக் காப்பாளர், அதாவது ஏஜென்ட், மற்றொன்றுடன் பேசாது. மூன்றாவதுக்குத் தனி ஹோம் கோப்புறை. ஒரு ஜன்னலில் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்ட சர்வர் பக்கத்து ஜன்னலில் அனுமதி மறுக்கிறது என்று புலம்புபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். விண்டோஸின் ஏஜென்ட் சேவை இயல்பாக முடக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்க நிர்வாகி உரிமை வேண்டும். அலுவலகக் கணினியில் அந்த உரிமை நமக்கு எங்கே இருக்கிறது? இயக்கிவிட்டால் வசதிதான்: ஒருமுறை சேர்த்த சாவியைக் கணினியை அணைத்துப் போட்டாலும் அது மறக்காது. மறக்காததை வசதி என்று எடுத்துக்கொள்வதா ஆபத்து என்று எடுத்துக்கொள்வதா என்பது அந்தக் கணினியை வேறு யார் தொடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சில்லறைக் குறைகளும் உண்டு. பொதுச்சாவியைச் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கட்டளை விண்டோஸ் பதிப்பில் இல்லை. ஒரே இணைப்பைப் பல வேலைகளுக்குப் பகிர்ந்துகொள்ளும் கன்ட்ரோல்மாஸ்டர் வசதியும் இல்லை. ஒரு நாளில் நூறு முறை சிறு சிறு கட்டளைகளை அனுப்புபவர்களுக்கு இது பெரிய இழப்பு. வரி முடிவுத் தகராறு எல்லோருக்கும் தெரிந்தது: விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளின் தொகுப்புக் கோப்பை, சர்வரில் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பைப் பார்த்து "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று அது சாதிக்கும். வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துதான் காரணம்.

இத்தனைக்கும் மருந்து டபிள்யூஎஸ்எல். 2019-இல் அறிவிக்கப்பட்ட அதன் இரண்டாம் பதிப்பில் லினக்ஸின் மையப் பகுதியான உண்மையான கெர்னலே ஓடுகிறது. சாவிகளை அதற்குள் மட்டும் வைத்து, எஸ்எஸ்எச்சை அங்கிருந்து மட்டும் இயக்குவது என்று ஒரு விதி வகுத்துக்கொண்டால் மேலே சொன்னவற்றில் முக்கால்வாசி மறைந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சாவிக் கோப்பை சி டிரைவில் போட்டுவிட்டு டபிள்யூஎஸ்எல்லிலிருந்து எடுத்தால், எல்லோருக்கும் திறந்து கிடக்கும் கோப்பு என்று எஸ்எஸ்எச் அதை ஏற்காது. அலுவலக விபிஎன்னை இயக்கியதும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் இணையமே செத்துப்போவது இன்னொரு தலைவலி. விண்டோஸ் 11-இல் 2023-இல் வந்த மிரர்டு நெட்வொர்க் முறை இதைப் பெரிதும் குறைத்திருக்கிறது.

விண்டோஸ் சர்வரைக் கவனிப்பவர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் அதிகம். சர்வரின் திரையையே நம் திரையில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் அங்கே பிறந்த பிள்ளை. பல திரைகள், ஸ்மார்ட் கார்டு, கேட்வே, பிரிண்டர் என எதைக் கேட்டாலும் முரண்டு பிடிக்காது. லினக்ஸில் அதற்கு ரெமினா என்ற செயலி இருக்கிறது, வேலை நடக்கும், ஆனால் கேட்வேயும் ஸ்மார்ட் கார்டும் சேர்ந்தால் அரை நாள் போய்விடும். மேக்கில் மைக்ரோசாஃப்ட்டே தரும் செயலி நன்றாக இருக்கிறது, 2024-இல் அதற்கு விண்டோஸ் ஆப் என்று பெயர் மாற்றி எல்லோரையும் குழப்பியதைத் தவிர.

மேக்கின் பலம் ஒரு விசையில் இருக்கிறது என்று சொன்னால் மிகை என்பீர்கள். டெர்மினலில் கன்ட்ரோல்-சி என்றால் ஓடும் வேலையை நிறுத்து என்று பொருள். மற்ற எல்லா இடங்களிலும் நகலெடு என்று பொருள். மேக்கில் நகலெடுக்கக் கமாண்ட்-சி என்பதால் இரண்டும் மோதுவதே இல்லை. லினக்ஸில் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். விண்டோஸ் டெர்மினலில் ஏதேனும் எழுத்து தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் நகல், இல்லையென்றால் நிறுத்தம். அவசரத்தில் எது நடக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கும். புட்டியில் வலது கிளிக் செய்த உடனேயே ஒட்டிவிடும். கிளிப்போர்டில் பத்து வரி இருந்து, நீங்கள் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவும் இருந்து, சர்வரில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லான பாஷின் பழைய பதிப்பும் இருந்தால் நிறுத்த அவகாசமே கிடைக்காது. விண்டோஸ் டெர்மினல் பல வரிகளை ஒட்டும் முன் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அணைக்காதீர்கள்.

சாவிக்கான கடவுச்சொல்லை மேக் தன் கடவுச்சொல் பெட்டகமான கீசெயினில் வைத்துக்கொள்வதும் நேர்த்தியானது. ஆனால் மேக், லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் வகை; லினக்ஸ் அல்ல. 2007-இல் லெப்பர்டு பதிப்பு யுனிக்ஸ் சான்றிதழ் பெற்றது உண்மை. அந்தச் சான்றிதழ் நம் ஸ்கிரிப்டுகளைக் காப்பாற்றுவதில்லை. உரையை மாற்றும் செட் (sed) கட்டளை கோப்பை அதே இடத்தில் திருத்தும் முறை மேக்கில் வேறு, சர்வரில் வேறு. பாஷ் அங்கே 3.2 பதிப்போடு நின்றுவிட்டது, ஜிபிஎல் எனும் திறந்தநிலை உரிமத்தின் மூன்றாம் பதிப்பை ஆப்பிள் தவிர்ப்பதால். 2019 முதல் அங்கே இயல்பு ஷெல் இசட்எஸ்எச் எனும் வேறொன்று. மேசையில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று அனுப்பிய ஸ்கிரிப்ட் சர்வரில் உடைவதும், அங்கே ஓடியது இங்கே உடைவதும் வாடிக்கை. மேக்கில் நிரல்களை நிறுவித்தரும் ஹோம்புரூ மூலம் லினக்ஸில் இருப்பது போன்ற குனு கருவிகளை நிறுவிச் சமாளிக்கலாம். அப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பது விலை கூடிய, அரைகுறையான லினக்ஸ். மேக் டெர்மினல் சில அமைப்புகளில் மொழிக் குறியீட்டை அரைகுறையாகச் சர்வருக்கு அனுப்பி, உள்நுழையும்போதெல்லாம் மொழி அமைப்பு (லொக்கேல்) எச்சரிக்கை வர வைப்பதும் உண்டு. டெர்மினல் விருப்பங்களில் ஒரு குறியை நீக்கினால் தீர்ந்துவிடும்.

இனி லினக்ஸ். சர்வரில் இருக்கும் அதே கருவிகள், அதே பாஷ், அதே கோப்பு அனுமதிகள், அதே வரி முடிவு. ஒரு ஏஜென்ட், ஒரு கோப்புறை, ஒரு எஸ்எஸ்எச். லினக்ஸின் மேசைச் சூழல்களான க்னோமின் கோப்பு மேலாளரிலோ கேடிஇயின் டால்ஃபினிலோ முகவரிப் பட்டையில், எஸ்எஸ்எச் வழியே கோப்புகளை அணுகும் எஸ்எஃப்டிபி முகவரியைத் தட்டினால் சர்வரின் கோப்புறை உள்ளூர்க் கோப்புறை போலத் திறக்கிறது. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் இடைநிலைச் சர்வர் வழியே தாவும் புராக்ஸிஜம்ப் வரியை எழுதிவிட்டால் கட்டளைவரி, கோப்பு மேலாளர், கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் எல்லாமே அதற்குக் கட்டுப்படுகின்றன. நான் லினக்ஸின் பக்கம் சாய்வதற்கு இந்த ஒருமைதான் காரணம். வேகமோ தத்துவமோ அல்ல.

லினக்ஸ் என்றதும் புத்தம் புதிய பதிப்பைத் தேடி ஓடுவதை நான் ஆதரிக்கவில்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் ரகசியமாகப் புகுத்தப்பட்டு 2024 மார்ச்சில் அம்பலமான பின்கதவு முதலில் போய்ச் சேர்ந்தது டெபியனின் சோதனைக் கிளைகளையும் ஓப்பன்சூசே டம்பிள்வீடு போன்ற உடனுக்குடன் புதுப்பிக்கும் வெளியீடுகளையும்தான். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அதைத் தோண்டியெடுத்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்பதை லினக்ஸ் வெறியர்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்ளலாம்.

மேசை புதியதாகவும் சர்வர் பழையதாகவும் இருப்பதில் வேறொரு இடி இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, பலவீனமாகிவிட்ட பழைய எஸ்எச்ஏ-1 முறை அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பங்களை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. உபுண்டு 22.04-க்கோ மேக் வென்ச்சுராவுக்கோ மாறிய அன்று பழைய லினக்ஸ் வெளியீடான சென்ட்ஓஎஸ் 6 ஓடும் சர்வர்களும் பழைய நெட்வொர்க் சுவிட்சுகளும் ஒட்டுமொத்தமாகக் கதவடைத்தது இதனால்தான். அமைப்புக் கோப்பில் அந்தச் சர்வருக்கு மட்டும் பழைய முறையை அனுமதித்து உள்ளே போகலாம். எல்லாச் சர்வர்களுக்கும் திறந்துவிடுவது மடத்தனம். 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பு டிஎஸ்ஏ எனும் பழைய வகைச் சாவிகளை முற்றாகவே நீக்கிவிட்டது. டெபியன் 13-இல் இருப்பது அதுதான். டிஎஸ்ஏ மட்டுமே தெரிந்த கிழட்டுச் சாதனம் ஏதேனும் உங்கள் பொறுப்பில் இருந்தால், பழைய வெளியீடு ஒன்றை மெய்நிகர் இயந்திரத்தில் வைத்திருங்கள்.

விஎஸ் கோட் எடிட்டர் மூலம் சர்வரில் நேரடியாக நிரல் எழுதுபவர்களுக்கு இயங்குதள வேறுபாடு பெரும்பாலும் அழிந்துவிட்டது; எடிட்டரின் பாதி சர்வரிலேயே ஓடுகிறது. அந்தப் பாதிக்கு 2024 தொடக்கத்தில் புதிய சி நூலகம் தேவைப்பட்டு, சென்ட்ஓஎஸ் 7-உம் உபுண்டு 18.04-உம் ஒரே புதுப்பிப்பில் வெளியே தள்ளப்பட்டன. அதற்கு எந்த மேசையும் பொறுப்பல்ல. குரோம்புக்கிலும் லினக்ஸ் பகுதியை இயக்கினால் எஸ்எஸ்எச் வேலை செய்யும்; அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

தமிழ் உரை இருக்கும் சர்வர்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் நிலையான அகலமுள்ள கட்டத்தில் அடைக்கப் பார்க்கும். "கொ" போல முன்னும் பின்னும் குறி வரும் எழுத்தில் தடுமாறும். எனக்குத் தெரிந்தவற்றில் கேடிஇயின் டெர்மினலான கான்சோல் ஓரளவு தேவலை. தரவுத்தளத்தில் இருக்கும் தமிழ்ப் பெயர் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா, திரையில் மட்டும் அப்படித் தெரிகிறதா என்ற ஐயம் வந்தால் எந்த டெர்மினலையும் நம்பாமல், விவரத்தைக் கோப்பாக இறக்கி ஓர் உரைத்தொகுப்பியில் திறந்து பாருங்கள்.