ஊரில் என்சைம் காப்சூல் தேடி அலைந்த கதை

விடுமுறைக்கு ஊருக்குப் போனதில் பாதி நாள் மருந்துக்கடை ஏறி இறங்குவதிலேயே போனது. அக்கா மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலையும் ஜீரணத்தையும் பாதிக்கிற பரம்பரை நோய். இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கணைய நொதி, அதாவது ஜீரணத்துக்கான என்சைம், குடலுக்குச் சரியாக வந்து சேராது, எவ்வளவு சாப்பிட்டாலும் கொழுப்பு எண்ணெய்ப் பிசுக்காக அப்படியே வெளியே போய்விடும், எடை ஏறாது. அதனால் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைச் சாப்பிடும்போதெல்லாம், நொறுக்குத்தீனிக்குக்கூட, கொடுத்தாக வேண்டும்.

போன கடையிலெல்லாம் "என்சைம்தானே, இருக்கு" என்று ஒரு சிரப் பாட்டிலை எடுத்து வைத்தார்கள். திருப்பிப் பார்த்தால் பெப்சினும் டயஸ்டேஸும். ஒன்று புரதத்துக்கு, இன்னொன்று மாவுச்சத்துக்கு. கொழுப்பை உடைக்கிற லைபேஸ் லேபிளிலேயே இல்லை. "இதுவும் ஜீரணத்துக்குத்தான் அண்ணே" என்றார் கடைத்தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எப்போதோ ஒருத்தர் கேட்கிற மருந்தை யார் வாங்கி அடுக்குவார்கள்?

ஒருவழியாக அசல் காப்சூல் கிடைத்தது, ஆனால் 25,000 யூனிட். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2,500 யூனிட் லைபேஸ்தான் உச்சவரம்பு, அப்படிப் பார்த்தால் 10 கிலோ பையனுக்கு முழுக் காப்சூல் என்பதே எல்லை. அளவு மிக அதிகமானால் பெருங்குடல் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு. அதனால் அக்கா காப்சூலைத் திறந்து குருணையைத் தட்டில் கொட்டி, கண்ணளவில் பாதியாக்கி, ஒரு ஸ்பூன் பழக்கூழில் கலந்து ஊட்டுகிறாள். பாலில் கலந்தால் வயிற்று அமிலத்தைத் தாங்குவதற்காகப் போட்ட மேல்பூச்சு முன்பே கரைந்துவிடும், மென்றாலும் போச்சு. ஈறில் ஒட்டினால் புண்ணாகும் என்று கடைசியில் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவாள், அவன் நறுக்கென்று கடித்துவிடுவான்.

உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கணைய நொதி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டால், வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

அப்புறம், என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வாங்கிப் போகிறவர்கள் குழந்தையின் மருத்துவரிடம் யூனிட் கணக்கை முதலில் கேளுங்கள், சிறுவர்களுக்கான குறைந்த யூனிட் காப்சூலாகப் பார்த்து வாங்குங்கள். டப்பியில் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறது, அதனால் மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், மொத்தமாக அள்ளிப் போனால் பாதி வீணாகும்.